சக்கர நாற்காலியும் மலைப்பாதையும்: துணையாளின் பொருளாதாரம்

பெங்களூர் மாநகரின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீன்யா, நாட்டின் பெரிய சிறுதொழிற் பேட்டைகளுள் ஒன்றாகும். கடைசல் பட்டறைகள், பிரஸ் எந்திரக் கூடங்கள், வெல்டிங் கொட்டகைகள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் என்று தெருவுக்குத் தெரு தொழில் நடைபெறும் இவ்வட்டாரத்தில், கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிப்பதைக் கேட்கலாம். இந்நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்தால் சிவகங்கைக் குன்றின் அடிவாரத்தை அடையலாம். (தமிழ்நாட்டுச் சிவகங்கைச் சீமையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.) கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டருக்கும் அதிகமான உயரமுள்ள இப்பாறைக் குன்றில், வார விடுமுறையன்று இளந்தொழிலாளர்கள் குழுக் குழுவாக ஏறுவது வழக்கம். நந்தி மலை, சாவனதுர்க்கம், இராமநகரப் பாறைகள் ஆகியனவும் அரைநாள் பயணத்தில் அடங்குவனவே.

இக்குழுக்களில் ஒன்றைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், விபத்தொன்றில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர நேரிடுகிறது எனக் கொள்வோம். அவருக்குச் சிகிச்சை உண்டு. ஓரளவு இழப்பீடும் உண்டு. சிறிது காலத்தில் அமர்ந்து செய்யும் வேலை ஒன்றும் கிடைக்கலாம். ஆனால் சிவகங்கைக் குன்று அவருடைய வாழ்க்கையிலிருந்து அகன்றுவிட வேண்டியதுதானா? இது பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினும், உண்மையில் உழைப்பு, விலை, பொதுச் செலவு ஆகியவற்றைப் பற்றிய கேள்வியாகும். பொருளாதாரம் பயிலும் மாணவர்களும், திட்ட மதிப்பீடுகளில் கையொப்பமிடும் அலுவலர்களும் இதனை அவ்வாறே நோக்குதல் நலம்.

இழப்பின் இரு கணக்குகள்

தொழிற்சாலைக்குள் நிகழும் விபத்தில் ஒருவர் நிரந்தர ஊனமுற்றால், ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்படி அவருடைய 'சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு' எத்தனை சதவீதம் என்பது நிர்ணயிக்கப்படுகிறது. முழு ஊனமாயின், ஊதியத்தில் 90 சதவீத அளவில் ஆயுள் முழுதும் பயன்தொகை கிடைக்கும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நாட்டில் வேரூன்றிய இவ்வேற்பாடு எளிதான சாதனையன்று. எனினும் அதன் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் இனி எவ்வளவு சம்பாதிப்பார்?

சாலை விபத்து வழக்குகளில் நீதிமன்றங்கள் வேறொரு கணக்கையும் எழுதுகின்றன. சாலை விபத்தில் கீழுடல் செயலிழந்த வழக்கறிஞர் ஒருவரின் மேல்முறையீட்டில் 1995-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நடத்தல், ஓடுதல், உட்காருதல் போன்ற வாழ்வின் இயல்பான இன்பங்களை இழப்பதற்கும் தனியே இழப்பீடு உண்டு என்பதை விளக்கியது. 2010-ஆம் ஆண்டின் இராஜ்குமார் - அஜய்குமார் வழக்கிலும் இத்தலைப்பு இழப்பீட்டுப் பட்டியலில் தனியாக இடம்பெற்றது. ஆக, ஒரே பீன்யாத் தொழிலாளி, விடுமுறை நாளில் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி முதுகெலும்பு முறிந்தால் குன்றேறும் இன்பத்தை இழந்ததற்கும் தொகை கோரலாம். பிரஸ் கூடத்தின் உள்ளே முறிந்தால் கோர இயலாது. இழந்த குன்று ஒன்றுதான். ஒரு பேரேட்டில் அது பதிவாகிறது, மற்றதில் பதிவாவதில்லை. இவ்வேறுபாட்டுக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. ஆயினும், இழப்பு என்பதை எவ்வளவு குறுக்கி அளந்து பழகிவிட்டோம் என்பதையும் அது காட்டுகிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். அவர்களுள் இயக்கக் குறைபாடு உடையோர் 54 இலட்சத்துக்கும் மேல். இவர்கள் அனைவரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர் அல்லர். பயன்படுத்துவோர் அனைவரும் மலையேற விரும்புவோரும் அல்லர். விருப்பமுடையோர் தொகை சிறிதாகவே இருக்கட்டும். நல்ல கால்களுடைய மக்களிலும் மலையேறுவோர் சிறுபான்மையினரே. அதற்காக மலைப்பாதை அமைப்பதை எவரும் வீண்செலவு என்று சொல்வதில்லை.

முன்சென்றவர்கள்

நம் நாட்டில் இத்துறையின் வரலாறு எவரெஸ்டிலிருந்து தொடங்குகிறது எனலாம். 1965-ஆம் ஆண்டு மே 29 அன்று, கேப்டன் எம்.எஸ். கோலி தலைமையிலான இந்தியக் குழுவைச் சேர்ந்த எச்.பி.எஸ். அலுவாலியா எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அதே ஆண்டு பாகிஸ்தானுடன் நடந்த போரில் அவருடைய தண்டுவடத்தைத் துப்பாக்கிக் குண்டு தாக்கியது. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவர் சக்கர நாற்காலியிலேயே கழித்தார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவர் சிகிச்சை பெற்றார். 1944-இல் டாக்டர் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கியதும், 1948-இல் 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டியை நடத்திப் பாராலிம்பிக் இயக்கத்துக்கு வித்திட்டதும் அங்கேதான். அலுவாலியா நாடு திரும்பியபின் தில்லியில் இந்தியத் தண்டுவடக் காய மையத்தை உருவாக்கினார். அதற்கிடையே 1994-இல் மத்திய ஆசியாவின் பட்டுப் பாதை வழியே சென்ற பண்பாட்டுப் பயணக் குழுவுக்குத் தலைமையும் ஏற்றார். 2022-ஆம் ஆண்டு அவர் காலமானார். அவருடைய பெயரைச் சொன்னால் எவரெஸ்டையே பலரும் நினைக்கின்றனர். இக்கட்டுரையின் நோக்கில் பட்டுப் பாதைப் பயணமே முக்கியமானது. ஏனெனில் அங்கே அவர் பிறருடைய கைகளின் உதவியோடு சென்றார். ஆனால் குழுவை நடத்தியவர் அவர்தாம்.

தீபா மாலிக் 1999-இல் தண்டுவடக் கட்டிக்கான அறுவை சிகிச்சைக்குப்பின் மார்புக்குக் கீழ் உணர்விழந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் குண்டெறிதலில் வெள்ளிப் பதக்கம் பெற்றதால் நாடறிந்தவரானார். அதற்கு முன்பே 2008-இல் யமுனையை எதிர்நீச்சலில் கடந்ததும், 2009-இல் இமயமலைக் கார்ப் பந்தயத்தில் பங்கேற்றதும், 2011-இல் லடாக்கின் உயர்ந்த கணவாய்கள் வழியே காரோட்டிச் சென்றதும் அவருடைய சாகசப் பயணங்கள். 2021 செப்டம்பர் 11 அன்று, மாற்றுத்திறனாளிகள் எண்மர் கொண்ட குழு சியாச்சின் பனியாற்றில் 15,632 அடி உயரத்திலுள்ள குமார் முகாமை அடைந்தது. அவர்களுக்குப் பயிற்சியளித்து உடன்சென்றோர் படைத்துறையின் சிறப்புப் பிரிவுகளில் பணியாற்றியவர்கள்.

பெங்களூருக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு, துயரமான இடம். 1975-ஆம் ஆண்டு சனவரியில், கோயம்புத்தூரில் பொறியியல் பயின்றுவந்த எஸ். இராமகிருஷ்ணன் என்ற இளைஞர், கடற்படை அதிகாரி பதவிக்கான தேர்வின் உடற்திறச் சோதனையின்போது பெங்களூரில் மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் தொடங்கியதே அமர் சேவா சங்கம். மறுவாழ்வுப் பணிக்காக 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. படுத்த நிலையில் உள்ள ஒருவர் ஒரு நிறுவனத்தையே நடத்த முடிந்தது எவ்வாறு என்று ஆராய்வோர், அவரைச் சுற்றி நாள்தோறும் உழைத்த துணைவர்களின் பங்கை முதலில் கணக்கிலெடுக்க வேண்டும்.

வழித்தொடர் அறுபடும் இடம்

ஒரு பயணம் பல பகுதிகளால் ஆனது. வீட்டு வாசற்படி, தெரு, ஊர்தி, நெடுஞ்சாலையோரக் கழிப்பறை, மலையடிவாரம், ஏற்றம், தங்குமிடம், திரும்புதல் என்பன அவற்றுள் சில. இவற்றின் தேவை 'கூட்டுத் தேவை' எனப்படும் வகையைச் சேர்ந்தது. ஒன்பது பகுதிகள் சரியாக அமைந்து பத்தாவது அமையாவிடில், முந்தைய ஒன்பதுக்கும் செலவிட்ட பணம் இப்பயணியைப் பொறுத்தவரை பயனற்றதாகிறது.

பீன்யாவையே எடுத்துக்கொள்வோம். 2014 மார்ச் 1 அன்று மெட்ரோ இரயில் இவ்வட்டாரத்துக்கு வந்தது. உயர்த்திக் கட்டப்பட்ட நிலையங்களில் மின்தூக்கிகள் உள்ளன. நடைமேடையும் இரயில் பெட்டியின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் அமைந்துள்ளன. ஆகவே சக்கர நாற்காலியில் உள்ளவர் பீன்யாவில் ஏறி நகரின் தென்கோடியில் இறங்குவது இயலும். ஆனால் மெட்ரோ குன்றுகளை நோக்கிச் செல்வதில்லை. 2024 நவம்பரில் நீட்டிக்கப்பட்ட பின்னரும் அது மாதாவரத்தோடு நின்றுவிடுகிறது. கர்நாடகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் அரசுப் பேருந்துச் சலுகைப் பாஸ் வசிப்பிடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வரை செல்லும். சிவகங்கையும் நந்தியும் இவ்வெல்லைக்குள் அடங்கும். ஆனால் பேருந்துப் படிக்கட்டின் உயரத்தைப் பாஸ் குறைப்பதில்லை. கட்டணச் சலுகை வேறு, ஏறும் வசதி வேறு என்பதை நம் திட்டங்கள் நெடுங்காலம் பிரித்தறியவில்லை. 2013-இல் பெங்களூரில் தொடங்கிய கிக்ஸ்டார்ட் என்னும் வாடகைக் கார் நிறுவனம், திரும்பும் இருக்கையும் சாய்பலகையும் பொருத்திய வண்டிகளை அறிமுகப்படுத்தியது இவ்விடைவெளியை நிரப்பவே.

குன்றுகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நந்தி மலை 1,478 மீட்டர் உயரமுடையதாயினும் மோட்டார் சாலை உச்சிவரை செல்கிறது. சிவகங்கையில் பாறையில் வெட்டிய செங்குத்தான படிகளே உள்ளன. நந்தியில் பயணி காண்பது காட்சி. சிவகங்கையில் அவர் நாடுவது ஏற்றம். 'அதே போன்ற காட்சியைக் காரிலிருந்தே காணலாமே' என்று சொல்வோர், சாகசப் பயணத்தில் நுகரப்படும் பண்டம் எது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்கின்றனர்.

சுமப்போரின் உழைப்பு

நடக்க இயலாதவரை மலைமீது சுமந்து செல்லும் தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. சபரிமலையில் டோலி உண்டு. கேதார்நாத் வழியில் முதுகுக் கூடையில் சுமக்கும் கண்டியும் நால்வர் தூக்கும் தண்டியும் உண்டு. பெங்களூரிலிருந்து சுமார் 145 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிரவணபெளகொளாவில், கோமதீசுவரர் நிற்கும் விந்தியகிரியின் 600-க்கும் மேற்பட்ட படிகளில் டோலி சுமப்போரைக் காணலாம். மலை சமவெளியிலிருந்து ஏறத்தாழ 470 அடி, அதாவது 143 மீட்டர் உயர்ந்தது. பயணியின் எடை 60 கிலோ, டோலியின் எடை 15 கிலோ எனக் கொண்டால், நால்வரில் ஒவ்வொருவரும் தோளில் ஏறத்தாழ 19 கிலோவைத் தாங்குகின்றனர். தம் உடலெடையையும் சேர்த்து அத்தனை படிகளையும் ஏறுகின்றனர், அதுவும் வெறுங்காலுடன். இறங்கும்போது சுமை குறைவதில்லை. முழங்காலுக்கு அதுவே கடினம்.

இங்கு விலை வெளிப்படையானது. கூலி பேசப்பட்டு வழங்கப்படுகிறது. ஆனால் இதில் இரு குறைகளைக் காண்கிறோம். சுமப்பவருக்கு விபத்துக் காப்பீடும் பயிற்சியும் அரிதாகவே உள்ளன. சுமக்கப்படுபவரோ ஒரு மூட்டையின் நிலைக்குத் தள்ளப்படுகிறார். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. பழனியின் 693 படிகளுக்கு இணையாக விஞ்சும் ரோப் காரும் வந்தபின் இவ்விரு குறைகளும் அங்கே பெருமளவு நீங்கின. 2022-23 நிதிநிலை அறிக்கையில் 'பர்வத்மாலா' என்ற பெயரில் தேசிய ரோப்வேத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் சோன்பிரயாகை - கேதார்நாத் இடையே 12.9 கிலோமீட்டர் ரோப்வேக்கு மத்திய அமைச்சரவை 4,081 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. இது நடக்க இயலாதவர்க்குப் பெரும் நன்மை. டோலி சுமந்து பிழைப்போர்க்கு அது என்ன செய்யும் என்பதும் திட்ட மதிப்பீட்டில் இடம்பெற வேண்டிய கேள்வி. சுமை தூக்குவோரைப் பயிற்சி பெற்ற மலைவழித் துணைவர்களாக மாற்றுவது ஒரு வழி. இத்தகைய மறுபயிற்சிக்கு ஆகும் செலவு, ரோப்வேச் செலவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிகச் சிறிதே.

சரிவும் உடலும்

சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1 என்ற விகிதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. இதன் காரணத்தைச் சிறு கணக்கால் விளக்கலாம். 60 கிலோ எடையுள்ளவர் 18 கிலோ எடையுள்ள நாற்காலியில் அமர்ந்துள்ளார். மொத்தம் 78 கிலோ. 12-க்கு 1 சரிவில் அவரைத் தள்ளுவதற்கு, உராய்வு நீங்கலாக, ஏறத்தாழ 6.5 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமமான விசை போதும். 8-க்கு 1 சரிவில் அது 9.7 கிலோ ஆகிறது. மலைப்பாதைகளில் இயல்பாகக் காணப்படும் 4-க்கு 1 சரிவில் 19 கிலோ. முதலாவதை ஒருவர் நெடுநேரம் தள்ளலாம். மூன்றாவதற்குப் பின்னால் ஒருவரும், முன்னே கயிறு கட்டி இழுக்க இருவரும் வேண்டும். கயிறு பிடிப்போர் முறை மாறிக்கொள்ள மேலும் ஒருவர் உடனிருத்தல் நலம். ஆகவே நான்கு துணைவர் என்பது ஆடம்பரமன்று. சரிவு விதிக்கும் எண்ணிக்கை.

படிகளில் ஏற்றும் முறையையும் இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். அன்பு மிகுந்த துணைவர்களே இதில் தவறிழைக்கின்றனர். ஏறும்போது நாற்காலியின் முதுகுப் பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும். பின்னால் நிற்பவர் கைப்பிடிகளைப் பற்றிப் பெரிய சக்கரங்களை ஒவ்வொரு படியாக இழுக்க, கீழே நிற்பவர் சட்டத்தைப் பிடித்துத் தாங்க வேண்டும். இறங்கும்போது பயணி முன்னோக்கி அமர்ந்திருக்க, நாற்காலி பின்புறம் சாய்ந்திருக்கும். கைவைக்கும் தாங்கியையோ, கால்வைக்கும் பலகையையோ பிடித்துத் தூக்கலாகாது. கழற்றக்கூடிய அவை கையோடு வந்துவிடும். எண்ணிக்கை சொல்லி எல்லோரையும் ஒருங்கே தூக்கச் செய்வது யாருடைய வேலை? பயணியுடைய வேலை. தம் உடலும் நாற்காலியும் எவ்வாறு சாயும் என்பதை அவரே நன்கறிவார். தவிரவும், கட்டளை அவரிடம் இருக்கும்வரை அவர் சுமையன்று.

தண்டுவடக் காயமுற்றோரின் உடலியல் தனித்தன்மைகளை அறியாமல் எவரும் இத்தகைய பயணத்துக்குத் துணை செல்லலாகாது. உணர்வற்ற உடற்பகுதியில் நெடுநேரம் அழுத்தம் விழுந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண் உண்டாகும்; இப்புண் ஆழமாகி எலும்பைத் தொட்டு உயிருக்கே ஆபத்தாவதுண்டு. எனவே கால் மணி முதல் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தை மாற்றுதல் வேண்டும். நடுப்பகலில் கருங்கல் பாறைமீது அமர வைத்தால் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். காயத்துக்குக் கீழ் வியர்வை சரிவரச் சுரக்காமையால் வெயிலில் உடற்சூடு விரைவில் ஏறும். குளிரில் விரைவில் இறங்கும். சிறுநீரைக் குழாய் மூலம் வெளியேற்றுவோர் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தூய்மையான, மறைவான இடத்தை நாட வேண்டும். மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ காயமுற்றவர்க்குச் சிறுநீர்ப்பை நிரம்பியதே காரணமாக இரத்த அழுத்தம் திடீரெனப் பன்மடங்கு உயரக்கூடும். கடும் தலைவலியும் முகச் சிவப்பும் கண்டால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் அடைத்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். படுக்க வைப்பது தீங்கு. மலைப்பயணத்துக்கு இடையூறு பாறை என்றே பலரும் நினைக்கின்றனர். நடைமுறையில் பயணத்தை முறிப்பது பெரும்பாலும் கழிப்பறையே. பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிப்போர் பலர். சிறுநீரகத்துக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறலாம். பிரான்சில் 1987-இல் ஜோயல் கிளோடெல் என்பவர், தசை நோயுற்ற தம் உறவுச் சிறுவனுக்காக ஒற்றைச் சக்கரமும் முன்பின் கைப்பிடிகளும் கொண்ட மலைநாற்காலியை வடிவமைத்தார். 'ஜோலெட்' எனப்படும் அதனை இருவர் கரடுமுரடான பாதையிலும் கொண்டு செல்லலாம். நம் நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நியோமோஷன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட 'நியோபோல்ட்' என்னும் மின்னிணைப்பு, சக்கர நாற்காலியை மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும் வண்டியாக்குகிறது. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1972 முதல் இயங்கும் அலிம்கோ நிறுவனத்தின் துணை உற்பத்தி நிலையம் ஒன்று பெங்களூரிலும் உள்ளது. ஒற்றைச் சக்கர மலைநாற்காலி என்பது குழாய் வளைப்பு, வெல்டிங், நல்லதொரு தடை அமைப்பு ஆகிய மூன்றும் தெரிந்த எந்தப் பட்டறையிலும் செய்யத்தக்கது. பீன்யாவில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை. இல்லாதது கொள்முதல் ஆணை மட்டுமே.

சட்டமும் மணற்பரப்பும்

2007 அக்டோபரில் இந்தியா ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆம் உறுப்பு, பொழுதுபோக்கு, விளையாட்டு, சுற்றுலா இடங்களை அடையும் உரிமையை வெளிப்படையாகக் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29, 30-ஆம் பிரிவுகள் பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்பை அரசின் கடமையாக்குகின்றன. 2024 நவம்பர் 8 அன்று இராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் வசதிகள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வகுக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது.

சென்னை மெரினாவில் இதற்கொரு நடைமுறை எடுத்துக்காட்டைக் காண்கிறோம். ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை அமைத்துவந்த இடத்தில், மாற்றுத்திறனாளர் அமைப்புகளின் நெடிய கோரிக்கைக்குப்பின், 263 மீட்டர் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. செலவு சுமார் 1.14 கோடி ரூபாய். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. 'கடலோரத்தில் மரப்பாதை எதற்கு' என்று அப்போது சிலர் கேட்டனர். புயலில் சேதமடையும் துறைமுகத்தைப் பற்றி அவ்வாறு எவரும் கேட்பதில்லை. இதில் அலுவலர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: இத்தகைய கட்டுமானங்களின் மதிப்பீட்டில் முதலீட்டுத் தலைப்போடு ஆண்டுப் பராமரிப்புத் தலைப்பும் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட வேண்டும்.

துணையாளுக்கு விலை உண்டா?

பாதையும் கருவியும் அமைந்தபின்னும் எஞ்சுவது மனிதர். அமெரிக்கரான கெவன் சாண்ட்லர், தண்டுவடத் தசைநலிவு நோயுற்றவர். 2016-இல் தம் நாற்காலியை ஊரிலேயே விட்டுவிட்டு, நண்பர்கள் முறைவைத்து முதுகுப் பையில் சுமக்க மூன்று வாரம் ஐரோப்பாவைச் சுற்றினார். அயர்லாந்துக் கடலோரத்தின் ஸ்கெல்லிக் மைக்கேல் பாறைத் தீவின் படிகளையும் அவ்வாறே ஏறினார். 2014-இல் ஜஸ்டின் ஸ்கீசக் என்பவரை அவருடைய நண்பர் பாட்ரிக் கிரே ஸ்பெயினின் 500 மைல் யாத்திரைப் பாதையில் சக்கர நாற்காலியில் தள்ளிச் சென்றார். இவை நட்பின் பெருமையைக் காட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் நட்பையே ஒரே வழியாகக் கொண்ட ஏற்பாட்டில், அத்தகைய நண்பர் வாய்க்காதவர் என்ன செய்வது? வாய்த்தவரும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கிறது. பலர் மூன்றாம் முறை கேட்பதை நிறுத்திவிடுகின்றனர்.

பீன்யாவில் இதன் வாய்ப்புச் செலவை எளிதில் கணக்கிடலாம். மிகைநேர வேலைக்குச் சாதாரண ஊதியத்தின் இரு மடங்கு தரப்பட வேண்டும் என்பது தொழிற்சட்டம். நண்பனைக் குன்றுக்குத் தள்ளிச் செல்வதற்காக வார விடுமுறை நாளின் மிகைநேர வேலையை விட்டுக்கொடுப்பவர், இரட்டை ஊதியத்தை விட்டுக்கொடுக்கிறார். நான்கு துணைவராயின் எட்டு நாள் ஊதியம். இத்தொகை எந்தத் தேசிய வருமானக் கணக்கிலும் தோன்றுவதில்லை. வீட்டில் தாயோ மனைவியோ ஆண்டுக்கணக்கில் செய்யும் பணிவிடையும் அவ்வாறே தோன்றுவதில்லை.

துணையாளை ஒரு பொருளாதார உண்மையாக ஏற்ற துறைகளும் உள. துணையின்றிப் பயணம் செய்ய இயலாத மாற்றுத்திறனாளிக்கு இந்திய இரயில்வே இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பு ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை அளிக்கிறது. உடன்செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. பணியின் காரணமாக முழு ஊனமுற்று ஓய்வுபெறும் அரசு ஊழியர்க்கு நிரந்தர உதவியாளர் படி வழங்கப்படுகிறது. இவற்றினும் தெளிவான கணக்கை 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் காண்கிறோம். சாலை விபத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவளுக்கு இரு உதவியாளர் தேவை எனக் கொண்டு, ஒருவருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 12 மாதம், 18 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கி, 21,60,000 ரூபாயை உதவியாளர் செலவாக மட்டும் வழங்கியது. மாதம் 5,000 ரூபாய் குறைவே. ஆனால் துணை என்பது இரக்கமன்று, எண்ணத்தக்க செலவு என்பது அங்கே நிலைபெற்றது.

சாகசச் சுற்றுலாத் துறையில் இக்கணக்கு இன்னும் நுழையவில்லை. மலையேற்றக் குழுவில் சேரும் மாற்றுத்திறனாளியிடம் அவருடைய துணையாளுக்கும் முழுக் கட்டணம் கேட்பது வழக்கமாக உள்ளது. இரயில்வே பின்பற்றும் முறையை அரசின் சுற்றுலாக் கழகங்களும் சாகசப் பயிற்சி நிலையங்களும் பின்பற்றலாம். வருவாய் இழப்பு மிகச் சிறிதாகவே இருக்கும். ஏனெனில் இன்றைய நிலையில் இழப்பதற்கு அந்த வருவாயே வருவதில்லை. இரண்டாவதாக, பயிற்சி பெற்ற துணைவர் சிலரை நாள் ஊதியத்தில் அமர்த்தி, பலர் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். ஒரே குன்றுக்கு மாதம் ஒருமுறை மூன்று பயணிகள் சேர்ந்து சென்றால், வண்டி, மலைநாற்காலி, முதலுதவிப் பணியாளர் ஆகிய நிலைச் செலவுகள் மூன்றாகப் பிரியும். தள்ளுவோர் கூலி மட்டுமே ஆளுக்கு ஆள் கூடும். நண்பர்களும் வரட்டும், அவர்கள் கயிறு பிடிக்க வேண்டிய கட்டாயமின்றி, உடன் நடந்து பேசிக்கொண்டு வரலாம்.

இதனைப் பயிற்சியாகச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள், தம் ஊருக்கு அருகிலுள்ள குன்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பேருந்து நிலையத்திலிருந்து உச்சிவரை உள்ள படிகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு படியின் உயரம், சரிவுகளின் விகிதம், நிழலுள்ள இடங்களின் இடைவெளி, அடிவாரக் கழிப்பறைக் கதவின் அகலம் ஆகியவற்றை அளந்து குறிக்கவும். பின்னர், 78 கிலோ எடையை அவ்வழியே ஏற்றி இறக்க எத்தனை பேர், எத்தனை மணி நேரம், அவ்வூர்க் கூலி விகிதத்தில் எவ்வளவு செலவு என்று கணக்கிடவும். படிகளில் எவற்றைச் சாய்தளமாக மாற்றினால் ஆட்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து இரண்டாகக் குறையும் என்பதையும், அம்மாற்றத்துக்கான செலவு எத்தனை பயணங்களில் ஈடாகும் என்பதையும் இரண்டாம் அட்டவணையில் காட்டவும்.